பன்னிரண்டு இழை விரிசல்

டேராடூன்
ஜூன் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

இனிமேல் போனில் உன்னோடு பேசமாட்டேன் என்று மார்ச் மாதம் சொன்னாய். தபாலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணி சௌக்கியமா? எனக்கு இருமல் ஒன்றுதான், அதுவும் இந்த ஊர்த் தூசியால்.

தையில் எனக்கும் விக்ரமுக்கும் பதிவுத் திருமணம், பட்டு வேண்டாம், பருத்திப் புடவை போதும் என்று நான் சொன்னதற்கு நீ கோபித்துக்கொண்டாய். நெசவாளி வீட்டுப் பெண் பட்டு வேண்டாம் என்றால் ஊரே சிரிக்கும் என்றாய். அந்தச் சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். இப்போது வேறு விஷயம்.

பின்மனை வெங்கடேசன் கடை கட்டுவதற்காக நம் பின்சுவருக்கு மூன்றடி தள்ளிப் பத்தடி ஆழம் தோண்டினார், பங்காளித் தகராறில் வேலை நின்றுவிட்டது, பள்ளம் அப்படியே திறந்து கிடக்கிறது, நம் சுவரில் விரிசல் விட்டிருக்கிறது என்று அண்ணி போனில் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பத்தடி மண் முட்டுக்கொடுக்காமல் செங்குத்தாக நிற்கிறதே, அது நல்ல மண் என்று நினைத்துவிடாதே. காய்ந்த மணலில் கோபுரம் நிற்காது. முழுக்க நனைந்தாலும் நிற்காது. கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் நிற்கும். மணலுக்கு நடுவில் இருக்கும் அந்தச் சிறு ஈரம் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. நம் வேகவதி ஆற்றுப் பக்கத்து மண்ணில் களியும் கலந்திருப்பதால் பிடி இன்னும் அதிகம். தண்ணீர் ஏற ஏற அந்தப் பிடி விட்டுவிடும். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு விடும் என்று கணக்குப் போடுவதுதான் பன்னிரண்டு வருஷமாக நான் செய்யும் வேலை. ஊர் ஊராகப் போட்ட கணக்கை நம் வீட்டுக்குப் போடாமல் இருக்க முடியுமா?

வெங்கடேசனைக் கேட்டுக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, நம் சுவர்ப் பக்கத்து முகத்தில், தலை உயரத்தில் ஒன்று, இடுப்பளவில் ஒன்று, முழங்காலளவில் ஒன்று என மூன்று மண் கட்டிகள் உடையாமல் வெட்டி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, மேலே மெழுகு ஊற்றி, டப்பாவில் வைத்து அனுப்பு. விரிசலின் அகலத்தை வெள்ளிக்கிழமைதோறும் அளந்து எழுது. பின்கட்டுத் தறி அம்மா போனதிலிருந்து சும்மாதானே கிடக்கிறது? நான் சொல்லும்வரை அங்கே யாரும் போகவேண்டாம்.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை,
கலைவாணி

*

சிவமயம்

காஞ்சிபுரம்
ஆனி 6, ஜூன் 20

அன்புத் தங்கை கலைக்கு,

உமாபதி எழுதிக்கொண்டது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நானும் உன் அண்ணியும் நன்றாக இருக்கிறோம். முழங்கால் மட்டும் தன்னிஷ்டத்துக்கு இருக்கிறது. இருமலுக்குச் சித்தரத்தை வாயில் அடக்கிக்கொள்.

மூன்று டப்பா அனுப்பியிருக்கிறேன். சரிகை வந்த டப்பாக்கள், பத்திரமாக வைத்துத் திருப்பி அனுப்பு. தபாலாபீசில் அந்தப் பெண், "உள்ள இன்னாபா?" என்றாள். மண் என்றேன். "மண்ணா? டேராடூன்ல மண்ணு இல்லியா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்து மேஜையிலிருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினாள். படிக்கவைத்த தங்கைக்கு ஊரிலிருந்து மண் போகிறது என்று தலையை நிமிர்த்திக்கொண்டு சொல்லிவிட்டு வந்தேன்.

விரிசலை அளக்க ஸ்கேல் நுழையவில்லை. பட்டு இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிப் பார்த்தேன். பன்னிரண்டு இழை கொள்கிறது. மேஸ்திரிகள் சொல்லும் நூல் கணக்கு இல்லை, நம் பாவு இழை. ஓர் இழை இத்துடன் ஒட்டியிருக்கிறேன், நீயே தடிமன் பார்த்துக்கொள்.

தண்ணீர் பட்டால் மண் விட்டுவிடும் என்று எழுதியிருக்கிறாய். அது ஏகாம்பரநாதருக்கே தெரியும் கலை. மண் லிங்கம் என்பதால்தானே அவருக்குத் தண்ணீர் அபிஷேகம் கிடையாது, புனுகு மட்டும் சாத்துகிறார்கள். இதற்கு நீ பன்னிரண்டு வருஷம் படித்திருக்கிறாய்.

பின்கட்டுத் தறி சும்மா இல்லை. போன வாரம்தான் புதுப் பாவு ஏற்றினேன். முன் அறைத் தறியில் முதலாளியின் பாவு இருக்கிறது, அதனால் இதை இங்கே போடவேண்டியதாயிற்று. மதியத்துக்கு மேல் நானும் உன் அண்ணியும் உட்காருகிறோம். ஒரே புடவை, பெரிய இடத்து ஆர்டர். கரை கோர்க்க அவள்தான் சுவர்ப் பக்கம் உட்காருகிறாள். சீக்கிரம் கணக்கைப் போட்டுச் சொல்.

ஆசிகளுடன்,
உமாபதி

*

டேராடூன்
ஜூலை 14

அன்புள்ள அண்ணா,

நான் நலம், இருமல் போய்விட்டது, சித்தரத்தைக்கு நன்றி. இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் மண் உடையாமல் வந்தது. மெழுகை உரித்தபோது நம் கொல்லை வாசனை வந்தது, சோதனைச் சாலையில் எல்லோருக்கும் காட்டினேன், அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நூறு பங்கு மண்ணுக்கு ஒன்பது பங்கு தண்ணீர்தான் இருக்கிறது. நன்றாகக் காய்ந்திருக்கிறது, நல்ல பிடி. அழுத்திப் பார்த்தோம், ஈரம் ஏற்றி மறுபடி அழுத்திப் பார்த்தோம். பிறகு உன் சுவரையும் வெங்கடேசன் பள்ளத்தையும் கம்ப்யூட்டரில் கட்டி, நம் ஊர் மழையை நாள் நாளாக அதன்மேல் பெய்யவிட்டேன். கடைசியில் வரும் எண் ஒன்றுக்கு மேல் இருந்தால் நிற்கும், ஒன்றுக்குக் கீழே போனால் விழும். இன்றைய நிலையில் ஒன்று புள்ளி ஆறு வருகிறது. கோடை மழை எதுவும் அதை ஒன்றும் செய்யாது. ஐப்பசியில் அடைமழை பிடித்தால்தான் ஆபத்து.

ஆகவே அண்ணா, ஐப்பசி வரை அந்தச் சுவர் நிற்கும். பயமில்லாமல் நெய். அதற்குள் வெங்கடேசனைத் தடுப்புச் சுவர் கட்டச் சொல், இல்லையென்றால் பள்ளத்தை மூடச் சொல்.

உன் இழையை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பத்து இழை ஒரு மில்லிமீட்டர். விரிசலை இழையால் அளந்த முதல் ஆள் உலகத்திலேயே நீதான். இப்படியே எண்ணி எழுது.

ஒரே புடவைக்கா தனியாகப் பாவு போட்டாய்? மூன்று புடவைக்குக் குறைவாகப் பாவு போட்டால் கட்டுப்படியாகாது என்று நீதானே சொல்வாய்? அந்தப் பெரிய இடம் எது?

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கலை

*

சிவமயம்

காஞ்சிபுரம்
ஆடி 15, ஜூலை 31

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்த பிறகு உன் அண்ணி நன்றாகத் தூங்குகிறாள். அதற்கு முன்னால் சுவரையே பார்த்துக்கொண்டு இழை சுற்றிய நாடாவை ஓட்டுவாள், கரை கோணும், நான் திட்டுவேன். இப்போது பேச்சுக்குப் பேச்சு, "கலை சொல்ட்டாள்ல, நிக்கும்" என்கிறாள்.

வெங்கடேசனிடமும் காட்டினேன். அதுதான் கொஞ்சம் தப்பாகிவிட்டது. இரண்டு முறை படித்துவிட்டு, "ஐப்பசி வரைக்கும் நிக்கும்னு உங்க தங்கச்சியே எழுதிட்டாங்களேபா, அப்புறம் இன்னாத்துக்கு அவசரம்?" என்று கேட்டு, ஜெராக்ஸ் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். தடுப்புச் சுவர் பேச்சையே எடுப்பதில்லை. கெட்ட மனிதர் இல்லை, பங்காளிகளோடு மல்லுக்கட்டிக் களைத்துப் போயிருக்கிறார்.

விரிசல் கணக்கு: பன்னிரண்டு, பதிமூன்று, பதிமூன்று, பதினாறு, பத்தொன்பது. மழை என்று சொல்ல நாலு துளிகூட இல்லை.

வேலை மெதுவாகத்தான் போகிறது. இந்த வருஷத்து வறட்சி இழையை நிற்கவிடவில்லை. மெல்லிய பாவு வேறு. ஒரு முழத்துக்குள் பத்து இழை போய்விடுகிறது, பிணைத்துப் பிணைத்து விரல் தேய்கிறது. பின்கட்டுத் தறிக்குழி முன்னெல்லாம் இப்படி வறண்டதே இல்லை. உன் அண்ணி குடம் தூக்கித் தூக்கித் தோள் வலிக்கிறது என்கிறாள், தைலம் தேய்த்துவிடுகிறேன்.

பெரிய இடம் எது என்று கேட்டிருக்கிறாய். பெரிய இடம் என்றால் பெரிய இடம்தான். உனக்கெதற்கு, நீதான் பருத்திக்காரி ஆயிற்றே.

மலைப்பக்கம் மழையில் சுற்றாதே.

உமாபதி

*

முகாம், மலைச்சாலை
ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணா,

நலம். நீங்களும் நலமாக இருக்கவேண்டும். மலைச்சரிவு வேலைக்காக இரண்டு வாரமாக முகாமில் இருக்கிறேன். உன் கடிதம் டேராடூனுக்குப் போய், அங்கிருந்து ஒரு ஜீப்பில் ஏறி எனக்கு வந்தது. இங்கே தினமும் ஏதாவது ஒரு சரிவு விழுகிறது. கல் உருளும் சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறோம்.

உன் எண்களைப் படித்ததிலிருந்து மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. மழை இல்லை, ஆனால் விரிசல் ஏழு இழை வளர்ந்திருக்கிறது. என் கணக்குப்படி ஓர் இழைகூட வளரக்கூடாது. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன், அசையவே அசையாது என்கிறது. அப்படியென்றால் அளவில்தான் கோளாறு இருக்கவேண்டும். ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில்தான் அளக்கிறாயா? இழையை இழுத்துப் பிடித்து அடுக்கினால் மெலிந்துவிடும், எண்ணிக்கை கூடும். அவசரத்தில் எண்ணாதே. முடிந்தால் வேறு யாரையாவது ஒருமுறை எண்ணச் சொல்.

வெங்கடேசனிடமிருந்து அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கு. அது உனக்கு எழுதியது, அவருக்கு எழுதியதில்லை.

அண்ணியின் தோள் இப்போது எப்படி இருக்கிறது?

கலை

*

காஞ்சிபுரம்
ஆவணி 22, செப்டம்பர் 7

கலைவாணிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமானதற்கு இரண்டு காரணம். ஒன்று, உன் அண்ணியின் பெரியப்பா திருப்புட்குழியில் காலமாகிவிட்டார். காரியம் முடியும்வரை பதின்மூன்று நாள் அங்கேயே இருந்தோம். இன்னொன்று, கோபம்.

எட்டு வயதிலிருந்து இழை எண்ணுகிறேன். ஐயாயிரம் இழைப் பாவில் ஓர் இழை மாறினாலும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் கண்டுபிடிப்பேன். என்னைப் போய் இழுத்துப் பிடிக்காதே, அவசரப்படாதே என்று எழுதுகிறாய். உன் கம்ப்யூட்டருக்கு ஒத்துவரவில்லை என்றால் என் விரலில் கோளாறா?

எழுதிக்கொள்: இருபத்திரண்டு, இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்தெட்டு. நடுவில் இரண்டு வாரம் நான் அளக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள்தான் வந்து எண்ணிக் குறித்துவைத்தார், அவரும் நெசவுக்காரர்தான். வேறு யாரையாவது எண்ணச் சொன்னாயே, எண்ணியாயிற்று.

நிற்கும், பயமில்லாமல் நெய் என்று எழுதினாய். நம்பினேன், நெய்கிறேன். வெங்கடேசனும் நம்பினார். இப்போது சந்தேகம் வந்தால் அதை எங்களிடம் கேட்காதே.

உமாபதி

*

முகாம்
செப்டம்பர் 16

அண்ணா,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள்.

உன் விரலில் கோளாறு இல்லை. கோளாறு என்னிடம். உன் எண்களை நாலு நாளாகப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்தைந்து. நீங்கள் திருப்புட்குழியில் இருந்த நாட்களில் விரிசல் வளரவே இல்லை. திரும்பி வந்து தறியில் உட்கார்ந்ததும் மறுபடி வளர்கிறது. முதலில் தறி அதிர்ச்சியோ என்று நினைத்தேன். இன்று காலை இங்கே ஒரு பெண் டீக்கடை வாசலில் தூசி அடங்கச் செம்பால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அப்படியே நின்றுவிட்டேன்.

அம்மா விடிந்ததும் முதல் வேலையாகத் தறிக்குழியில் இறங்கிச் செம்பால் தெளிப்பாளே! குழி ஈரமாக இருந்தால்தான் இழை போகாது என்று. அந்த ஈர மண்ணில் கால் வைத்து விளையாடித்தானே வளர்ந்தேன்! ஆகாயத்திலிருந்து விழும் தண்ணீரையெல்லாம் கணக்கில் சேர்த்தேன், அம்மாவின் செம்பைச் சேர்க்கவில்லை. வேறு ஊர்க்காரனாக இருந்தால் முதல் நாளே, வீட்டுக்குள் தண்ணீர் புழங்குகிறதா என்று கேட்டிருப்பான். எனக்குத் தெரிந்த வீடு என்பதால் நான் கேட்கவே இல்லை. மண்ணையும் வெளியிலிருந்து மட்டும் எடுக்கச் சொன்னேன், உள்ளேயிருந்து ஒரு பிடி கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது அண்ணா.

நடப்பது இதுதான். பள்ளம் தோண்டியதால் நம் மண்ணுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் திறந்துவிட்டது. குழியின் ஈரம் அந்த வழியாக வெயிலுக்குப் போகிறது. குழி வறள்கிறது, இழை போகிறது, நீ இன்னும் ஊற்றுகிறாய். ஊற்றிய தண்ணீர் சுவருக்கு அடியில் போய் மண்ணின் பிடியை விடுவிக்கிறது. அண்ணியின் தோள் வலி எனக்கு அப்போதே புரிந்திருக்கவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை குடம்? குத்துமதிப்பாகச் சேர்த்துப் போட்டாலே எண் ஒன்று புள்ளி ஒன்றுக்கு வந்துவிடுகிறது. ஒரே ஒரு நல்ல மழை போதும்.

என் ஜூலைக் கடிதம் தப்பு. கிழித்துப் போடு. வெங்கடேசனிடம் இதையும் காட்டு, இதை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளச் சொல். இன்றே தண்ணீரை நிறுத்து. பாவை அறுத்துவிட்டுப் பின்கட்டைப் பூட்டு. யாரோ ஒருத்தி கல்யாணத்தில் கட்டிக்கொள்ளும் புடவைக்காக அண்ணியை அந்தச் சுவரடியில் உட்காரவைப்பாயா?

கலை

*

காஞ்சிபுரம்
செப்டம்பர் 28

கலைக்கு அண்ணி ஜீவிதா எழுதறது.

நீ நல்லா இருக்கியா? மலையில பாத்து நடமா. எனக்கு எழுத்துத் தமிழ் வராது, பேசற மாதிரியே எழுதறேன். போன்ல சொல்லலாம்னு பாத்தா இவரு பக்கத்துலயே உக்காந்துக்கினு இருக்கறாரு.

உன் லெட்டர் வந்துச்சு. படிச்சாரு. சட்டைப் பாக்கெட்ல வச்சிக்கினாரு. தண்ணிய மட்டும் அன்னிக்கே நிறுத்திட்டாரு. எத்தினி குடம்னு கேட்டியே, ஆடியில ரெண்டு, ஆவணியில ஆறு. நான்தான் ஊத்தினேன். எனக்கு இன்னா தெரியும், இழை நின்னா போதும்னு ஊத்தினேன்.

வெங்கடேசன்கிட்டயும் காட்டினாரு. அவரு மூஞ்சி வெளுத்துப் போச்சு. ஆள வச்சி மூடறேன்னாரு, மூடறதுக்குப் பங்காளி கையெழுத்து வேணுமாம், அலைஞ்சிக்கினு இருக்கறாரு.

தண்ணி இல்லாம இழை நிக்கல. ஒரு நாளைக்கு நாப்பது, அம்பது போகுது. இவரு ஒவ்வொண்ணா பிணைக்கறாரு. என்னை உக்கார வேணாம்னு சொல்லிட்டாரு. கரை நாடாவையும் அவரே எழுந்து எழுந்து போய் ஓட்டறாரு, அந்த முழங்காலோட. அப்புறம் இன்னொண்ணு. பாவை 'அறு'ன்னு எழுதிட்டியே. நம்ம வூட்ல தறிகிட்ட அந்த வார்த்தைய சொல்லமாட்டோம்ல, மறந்துட்டியா? இழை போச்சுன்னுதான் சொல்லுவோம். அத்த ஒண்ணும் இவரு பெருசா எடுத்துக்கல. 'யாரோ ஒருத்தி'ன்னு எழுதியிருந்தியே, அந்த வரிய மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சாரு.

யாரு பொடவைன்னு என்னைக் கேக்காத. சொன்னா என்கூடயும் போன்ல பேசமாட்டேன்னுடுவாரு.

விரிசலு முப்பத்தி மூணு. நீ வந்து ஒரு வார்த்தை சொன்னாதான் இவரு கேப்பாரு.

ஜீவிதா

*

முகாம்
அக்டோபர் 6

அண்ணா,

சுகமா? எனக்குச் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

இந்த வேலை இருபத்தைந்தாம் தேதி முடிகிறது. இருபத்தேழுக்கு ரயில் போட்டிருக்கிறேன். அதற்குள் ஐப்பசி பிறந்துவிடும். ஆறு குடத்தையும் சேர்த்துப் போட்டேன். உன் சுவர் தாங்குவது நாற்பது மில்லிமீட்டர் மழை. நம் ஊரில் அது ஒரு சாயங்காலத்து மழை. இந்தக் கணக்கை நம்பு என்று கேட்க எனக்கு முகமில்லை, நிற்கும் என்று எழுதியதும் இதே கைதான். ஆனாலும் கேட்கிறேன்.

பெரிய இடம் எது என்று இப்போது தெரிந்துவிட்டது. என்னைப் பெரிய இடம் என்று சொல்ல உன்னால்தான் முடியும். ஈர மண் நிறத்தில் ஒரு புடவை வேண்டும் என்று பள்ளிக்கூடம் போகும்போது கேட்டேனே, அந்த நிறமா? சொல்லாதே. நான் கேட்கவில்லை.

அண்ணா, அந்தப் புடவை எனக்கு வேண்டாம். மார்ச்சில் சொன்ன வேண்டாம் வேறு. அம்மா தறிக்குழியில் உட்கார்ந்து உட்கார்ந்தே முழங்கால் போய், எழுந்து நடக்க முடியாமல் கிடந்ததைப் பார்த்த வயிற்றெரிச்சலில் சொன்னது அது. இந்த வேண்டாம் வேறு. உன்னையும் அண்ணியையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்கிறேன். எனக்காக நெய்ததை எனக்காக நிறுத்து. அந்த வார்த்தையைத் தறிக்கு முன்னால் சொல்லக்கூடாது என்பது நினைவிருக்கிறது. அதனால் மறுபடி எழுதவில்லை. உனக்கே தெரியும்.

கலை

*

சிவமயம்

காஞ்சிபுரம்
ஐப்பசி 1, அக்டோபர் 18

அன்புத் தங்கை கலைக்கு,

நானும் உன் அண்ணியும் முழுசாக இருக்கிறோம். அதை முதலில் எழுதச் சொல்கிறாள் ஜீவிதா, பக்கத்திலேயே நிற்கிறாள். பொன்னியம்மாள் வீட்டில் தங்கியிருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அன்று முழுக்க யோசித்தேன். முக்கால் புடவைக்கு மேல் ஆகியிருந்தது கலை. இன்னும் பத்து நாள், அதிகம் போனால் பன்னிரண்டு நாள் போதும் என்று மனசு கணக்குப் போட்டது. உன் கணக்கு நாற்பது மில்லி என்றது. இரண்டில் ஒன்று தப்பு. நீ ஒருமுறை தப்பு செய்துவிட்டு அதை உன் கைப்பட எழுதி ஒப்புக்கொண்டவள். நான் இன்னும் ஒப்புக்கொள்ளாதவன். அதனால் உன் கணக்கை எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை கத்தியோடு குழியில் இறங்கினேன். நாற்பது வருஷத்தில் இந்த வார்த்தையை முதல் தடவையாக எழுதுகிறேன். பாவை அறுத்தேன். ஒரே வீச்சில் முடியவில்லை, கை நின்று நின்று போயிற்று. அறுந்த இழை ஒவ்வொரு கொத்தும் சுருண்டு பின்னால் ஓடுகிறது. ஜீவிதா அழுதாள். நான் அழவில்லை, முழங்கால் வலியில் குழியிலிருந்து ஏற முடியாமல் நின்றேன், அவள்தான் கைகொடுத்துத் தூக்கினாள். பிறகு பின்கட்டைப் பூட்டிவிட்டோம்.

புதன்கிழமை நாலு மணிக்கு மழை பிடித்தது. ஐந்தரைக்குச் சுவர் போயிற்று. முன் அறைத் தறியில் இருந்தோம். இடி என்று நினைத்தோம். கதவைத் திறந்தால் பின்கட்டு இருந்த இடத்தில் ஆகாயம் தெரிகிறது. சுவர், ஓடு, அம்மாவின் தறி எல்லாம் வெங்கடேசன் பள்ளத்துக்குள் கிடக்கின்றன. ஜீவிதா உட்காரும் பலகை இரண்டாகப் பிளந்து மேலாகக் கிடந்தது. வெங்கடேசன் மழையிலேயே ஓடிவந்து, "யாராச்சும் உள்ள இருக்காங்களா, யாராச்சும் இருக்காங்களா" என்று கத்தினார். இல்லை என்றதும் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். முன் அறை நிற்கிறது. நேற்றிலிருந்து பள்ளத்தில் லாரி மண் கொட்டுகிறார்கள், பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

இத்துடன் ஒரு டப்பா வருகிறது. குழிக்குள்ளிருந்து எடுத்த மண். நீ முதலிலேயே கேட்டிருக்கவேண்டியது, நான் கேட்காமலே அனுப்பியிருக்கவேண்டியது. சுற்றி அனுப்ப வேறு துணி கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள். அறுத்ததில் மூன்று முழம் அது. நிறம் நீ கேட்ட நிறம்தானா என்று பார். பார்த்துவிட்டு மண்ணை வைத்துக்கொண்டு துணியைத் திருப்பிக் கொண்டுவா, மறு பாவுக்குச் சாயம் போட மாதிரி வேண்டும்.

உன் ஜூலைக் கடிதத்தைக் கிழிக்கச் சொன்னாய். கிழிக்கவில்லை. அதற்கு மேல் செப்டம்பர் கடிதத்தை வைத்து இரண்டையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன்.

போனில் பேசமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். இருபத்தேழாம் தேதி ரயிலேறி வருகிறாயே, அதைப் பற்றி நான் ஒன்றும் சொன்னதில்லை. வரும்போது ஒரு கணக்குப் போட்டுக் கொண்டுவா. முன் அறையில் புதிதாக ஒரு குழி தோண்டவேண்டும். சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளித் தோண்டலாம், ஒரு நாளைக்கு எத்தனை செம்பு தெளிக்கலாம் என்று சொல். நீ சொல்லும் செம்புக்கு மேல் ஒரு சொட்டு தெளிக்கமாட்டேன்.

தைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

அண்ணன்,
உமாபதி